மடைக்காரர் வழி

முதலில் அந்த எழுத்தின் அழகுதான் உலகம்மாள் டீச்சரின் கண்ணில் பட்டது, கொடுமையைப் பாருங்கள். ரயில்வே கேட் சாத்தியிருந்தது. ஸ்கூட்டியை அணைத்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறதே என்ற எரிச்சலோடு இடதுபக்கம் திரும்பினால், நேற்றுச் சாயங்காலம் வரைக்கும் வெறும் சுண்ணாம்புப் பூச்சாகக் கிடந்த பஞ்சு மில் காம்பவுண்டுச் சுவரில் ஆளுயரத்துக்குக் கறுப்பு எழுத்து. அடடா என்றுதான் மனசு சொன்னது. சுவரில் எழுதுகிறவர்கள் எல்லாரும் அவசரக்காரர்கள், பெயிண்டைத் தோய்த்து இழுத்தால் எழுத்துக்கு எழுத்து தாடி முளைத்துத் தொங்கும், இதில் ஒரு சொட்டு வழியவில்லை, சொல்லுக்குச் சொல் இடைவெளி அளந்து விட்ட மாதிரி இருக்கிறது, வளைவெல்லாம் தொடங்கின கனத்திலேயே முடிகிறது, யார் பெற்ற பிள்ளையோ, நல்ல கை. இந்த வடகுளத்தில் தனக்குத் தெரியாமல் இப்படி ஒரு கை இருந்திருக்கிறதே என்று சந்தோஷம்கூட வந்தது. போனை எடுத்துப் படம் பிடித்தாள். பிடித்ததைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் படித்தாள். இவ்வழி சப்பரம் வந்தால் அவ்வழி பாடை போகும். எழுத்தைப் பார்த்துப் பார்த்து வார்த்தையைப் படிக்க மறந்துபோகிற வியாதி அவளுக்கு ரொம்ப நாளாக உண்டு, கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் மாப்பிள்ளை பேர் சொல்லத் தெரியாது, வாசல் பேனரில் ணகரம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று கேட்டால் சொல்லுவாள், வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் பாடை என்று எழுதியிருப்பதைப் பார்த்து நல்ல கை என்று சொல்லிவிட்டோமே, சீ, என்ன ஜென்மம் இது என்று தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது.

பக்கத்தில் பைக்கில் நின்ற ஆள் சுவரை வாய்விட்டுப் படித்துவிட்டு, இவள் பார்ப்பதைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ராஜவீதிக்காரன்தான், தெரிந்த முகம். ராஜவீதிக்காரர்கள் யாரும் இப்போது இவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அவளும் ராஜவீதிதான், வாழ்க்கைப்பட்டு வந்த வீடு அங்கேதான் இருக்கிறது, என்ன செய்ய. இன்றைக்கு இந்தக் கேட் பக்கமே வந்திருக்க வேண்டாம். கிளம்பும்போது அவுக, கட்டின புருஷன், சொன்னாவதானே, கேட்ல நிக்காண்டாம், பாலம் வழியாச் சுத்திப் போயேன் என்று, டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்துச் சொன்னாவ, பெட்ரோல் என்ன சும்மாவா வருது என்று இவள்தான் எடுத்தெறிந்து பேசிவிட்டு வந்தாள். பையில் ஏதோ மண்ணெண்ணெய் வாடை வேறு அடிக்கிறது, எதிலே பட்டதோ, பையைத் துவைத்துப் போட வேண்டும். போகட்டும், யார் எழுதினாலும் போலீஸ் வரும், வெள்ளை அடிக்கும், நாளைக்குச் சப்பரம் வரத்தான் போகிறது, தாலுகா ஆபீஸில் சமாதானக் கூட்டத்தில் ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டாயிற்று என்று மனசைத் தேற்றிக்கொண்டு போனைப் பையில் வைக்கப் போனவள், படத்தில் அந்த ழகரத்தைப் பார்த்தாள். இவ்வழியில் ஒன்று. அவ்வழியில் ஒன்று. ரெண்டிலும் வால் கீழே இறங்கி வளைந்த பிறகு, சும்மா நிற்காமல், ஒரு சின்னக் கொக்கியாக உள்ளே மடங்கியிருந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. படத்தை விட்டுவிட்டுச் சுவரையே பார்த்தாள். சுவரிலும் இருந்தது. இல்லாமல் எங்கே போகும். ஊன்றின கால் நழுவி, ஸ்கூட்டி சாயப் பார்த்தது, பைக்காரன் ஹேண்டிலைப் பிடித்து நிறுத்திவிட்டு மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்தக் கொக்கி இந்த உலகத்தில் எந்த எழுத்திலும் கிடையாது. அது எழுத்தே கிடையாது. அது அவள் செய்த பிழை.

அந்தப் பிழை வந்தது ஒரு கல்லிலிருந்து. குளத்துக் கரையில், மடைக்குப் பக்கத்தில், பொம்பளைகள் துணி துவைக்கிற கல் அது. அவள் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறவள், கல்வெட்டுக்கும் அவளுக்கும் உத்தியோக சம்பந்தம் ஒன்றும் இல்லை, கடைப் பலகையும் தியேட்டர் பலகையும் பழைய பஸ்ஸின் நெற்றிப் பலகையுமாகப் பார்த்துத் திரிந்தவள், ஒரு தெருவுக்கு இந்தப் பேர் எப்படி வந்தது என்று கிழவர்களைத் துளைத்தெடுத்தவள், அப்படியே போய்ப் போய் அந்தக் கல்லில் முட்டி நின்றாள். சோப்பு நுரைக்குக் கீழே எழுத்து. திருநெல்வேலியில் ஒரு முகாமில் மைப்படி எடுக்கப் படித்திருந்தாள். கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரத் தாளை ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து அடித்துப் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மையை ஒற்றினால் கல் கறுப்பாகவும் வெட்டின எழுத்து வெள்ளையாகவும் வரும். வந்தது. இது மடைக்காரர் வழி, குளத்து மடை முதல் கோயில் வாசல் வரை. குளத்து மடையிலிருந்து கோயில் வாசலுக்குப் போகிற தெரு இந்த ஊரில் ஒன்றுதான், அது ராஜவீதி. மடை திறந்து தண்ணீர் விட்ட ஜனங்களின் பிள்ளைகுட்டிகள் இப்போது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மேட்டுக் காலனியில் இருக்கிறார்கள், அவர்கள் சாமியின் சப்பரம் கேட்டைத் தாண்டி வந்தது கிடையாது. அதெல்லாம் அப்போது அவள் மண்டையில் ஏறவில்லை. அவளுக்கு அந்த எழுத்துத்தான் கண்ணுக்குள் நின்றது. அந்தக் கல்லில் இருக்கிற எழுத்தை வைத்து, இல்லாத எழுத்தையும் அதே சாயலில் தானே வரைந்து, உயிரும் மெய்யுமாக முழுசாக ஒரு தாளில் கொண்டுவந்து, வீட்டில் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டினாள். அதில் வழி என்ற சொல்லின் ழகரத்தில் வால் உள்ளே கொக்கியாக மடங்கியிருந்தது, மைப்படியில் அப்படித்தான் வெள்ளையாக வந்திருந்தது, எவ்வளவு லட்சணம் என்று மயங்கிப்போனாள். மறுபடி ஒரு தடவை கல்லுக்குப் போய் விரலால் தடவிப் பார்த்தபோதுதான் அசடு வழிந்தது. உளி வெட்டின பள்ளம் வழவழவென்று இருக்கும், அந்தக் கொக்கி சொரசொரவென்று இருந்தது, எந்த மகராசி எந்தப் போர்வையை அடித்துத் துவைத்தபோதோ சில்லுப் பெயர்ந்த இடம் அது. வெட்கப்பட்டு, வேறு தாளில் திருத்தி வரைந்து, திருத்தினதைத்தான் பத்திரிகைக்கு அனுப்பினாள், கட்டுரையோடு அட்டையில் வந்ததும் அதுதான், அந்தக் கட்டுரையைக் காட்டித்தான் காலனிக்காரர்கள் தங்கள் சப்பரத்துக்கு ராஜவீதியைக் கேட்டார்கள். ஊர் பார்த்தது கொக்கி இல்லாத ழ. கொக்கி வைத்த ழ அவள் வீட்டுக் கதவுக்குப் பின்னாலேயே கிடந்தது, கிழிக்க மனசு வரவில்லை, வீட்டை விட்டு வெளியே போகவும் இல்லை. அந்தக் கதவு அடைத்துக்கொள்கிற அறைக்குள் மூன்று பேரைத் தவிர வேறு யாரும் வந்ததும் இல்லை.

போன் அடித்தது. தங்கபுஷ்பம். நிமிர்ந்து பார்த்தால் கேட்டுக்கு அந்தப் பக்கம், முதல் வரிசையிலேயே, ஸ்கூட்டியில் உட்கார்ந்துகொண்டு போனைக் காதில் வைத்துக் கையை ஆட்டுகிறாள், பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இந்தச் சுவரைப் பார்க்க வந்திருக்கிறாள். உலகம்மாளின் பள்ளிக்கூடத்துப் பி.டி. டீச்சர், மேட்டுக் காலனிக்காரி, சேலைக்கு மேலே எப்போதும் விசில் தொங்கும், அந்தப் பள்ளிக்கூடத்தில் உலகம்மாளுக்குச் சாப்பாட்டுத் துணை அவள்தான். சோவென்று காற்று இரைச்சல், போனில் அவள் குரல் தெளிவாக இருந்தது, ஆனால் எப்போதும் இருக்கிற சிரிப்பு அதில் இல்லை. விடியக்காலம் பால் வாங்க வந்த ஆட்கள் பார்த்து வந்து சொன்னார்களாம், காலனியில் அடுப்புப் பற்றவைக்கவில்லையாம், இளவட்டங்கள் எல்லாம் கொதித்துப்போய்க் கிடக்கிறார்களாம், பெரியவர்கள்தான் பிடித்து உட்கார வைத்திருக்கிறார்களாம். எழுதினவன் யாரென்று தெரிந்துவிட்டால் அவன் ஒருத்தனோடு போய்விடும், தெரியாவிட்டால் தெரு முழுக்க எல்லாரும்தான் எழுதினது என்று ஆகிவிடும், பிறகு யாரைப் பிடித்து நிறுத்த முடியும் என்றாள். அதற்கப்புறம், "சப்பரத்துக்கு முன்னால தோள் குடுக்கது எங்க வீட்டுக்காரரு டீச்சர்" என்றாள். உலகம்மாள் ம் என்றாள். "எழுத்தப் பாத்தா ஆளச் சொல்லிருவியளே நீங்க. பாத்துச் சொல்லுங்க" என்றாள். கேட் திறக்கட்டும், வந்து சொல்லுகிறேன் என்று உலகம்மாள் எப்படியோ சொல்லிவிட்டாள், யாரோ தன் வாய்க்குள் இருந்து பேசின மாதிரி இருந்தது. அது உண்மைதானே, எழுத்தைப் பார்த்து ஆளைச் சொல்லுகிறவள்தானே. பள்ளிக்கூடத்தில் கழிப்பறைக் கதவில் எதையாவது கிறுக்கி வைத்தால் ஹெச்.எம். இவளைத்தான் கூப்பிடுவார், இவள் போய் நிற்பாள், டகரத்தின் மூலையையும் லகரத்தின் சுழியையும் பார்ப்பாள், பத்தாம் வகுப்பு பி பிரிவு, மூன்றாவது பெஞ்சு என்று சொல்லிவிட்டு வந்துவிடுவாள், சொன்னது ஒரு தடவையும் தப்பினதில்லை. ஒரு பிள்ளை, என்ன பேர், ஒல்லியாக இருக்கும், கன்னமெல்லாம் கண்ணீராக வந்து காலைப் பிடித்துக்கொண்டது, நான் இல்ல டீச்சர், அப்பா அடிச்சே கொன்னுருவாவ என்று. எழுத்து பொய் சொல்லாதும்மா என்று அந்தப் பிள்ளையின் கையை விலக்கிவிட்டு இவள் காப்பி குடிக்கப் போனாள். காப்பி அன்றைக்கு நன்றாகக்கூட இருந்தது. அந்தப் பிள்ளையின் அம்மாவைப் பற்றி அப்போது அவள் நினைக்கவே இல்லை.

முகிலன். நினைக்கக்கூடாது நினைக்கக்கூடாது என்று இவ்வளவு நேரமும் தள்ளித் தள்ளி விட்ட பேர், பெற்ற மகன் பேர், கடைசியில் வந்தே விட்டது. அவனை மடியில் வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான், அரிசியில் விரலைப் பிடித்து எழுதவைத்ததிலிருந்து கட்டைப் பேனா பிடித்துப் பட்டையாக எழுதப் பழக்கினது வரைக்கும் எல்லாம் அவள்தான். அந்தக் கதவுத் தாளைப் பார்த்ததும் எல்லா எழுத்தையும் விட்டுவிட்டு அவனுக்குப் பிடித்தது அந்தக் கொக்கி வைத்த ழதான், அரிவாள் மாதிரி இருக்கும்மா என்றான், அந்த அறை அலமாரிக்குள் கீறி வைத்தான், அது எழுத்தில்லை, கல் பெயர்ந்த இடம் என்று அவள் சொன்ன பிறகும், இருந்துட்டுப் போட்டும், இதுதான் கெத்து என்றான். அரிவாள் என்று அன்றைக்கே சொன்னானே. அப்போது சிரித்தாளே. போன லீவுக்கு வந்தபோது கையில் என்னமோ கயிறு கட்டியிருந்தான், சித்தப்பா பையன்கள் எல்லாரும் கட்டியிருக்கிற அதே கலர், என்னடா இது என்று கேட்டதற்குச் சும்மா என்றான், ராத்திரிச் சாப்பாட்டில் திடீரென்று, ஊர்ப் பிரச்சினையெல்லாம் உனக்கு எதுக்கும்மா, நீ இலையப் பத்தி பூவப் பத்திப் பாடம் நடத்து போதும் என்றான், என்ன வார்த்தை சொல்லுகிறான் பார் என்று இவள் அவுக முகத்தைப் பார்த்தாள், அவுக குனிந்து மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தாவ. விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷன், அப்பனாகப்பட்டவர் ஒரு அதட்டல் போட்டிருந்தால் பிள்ளை இப்படிப் போயிருப்பானா என்று அன்றைக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது. முகிலன் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருக்கிறான். இருக்கிறான் என்று இவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். முந்தாநாளிலிருந்து போனே பேசவில்லை, நெட் இல்லம்மா என்று மெசேஜ் வந்தது, அவ்வளவுதான். பஸ் ஏறி வந்து சித்தப்பா வீட்டு மாடியில் படுத்துக் கிடந்தால் யாருக்குத் தெரியும். ஆனால் ஒரு சொட்டு வழியவில்லையே, அங்கேதான் இடித்தது அவளுக்கு. அவன் எழுதினால் வழியும். சின்னப் பிள்ளையிலிருந்தே அவனுக்குப் பொறுமை கிடையாது, மை காய்கிறதுக்கு முன்னால் அடுத்த எழுத்துக்குப் போய்விடுவான், கையெல்லாம் மை, சட்டையெல்லாம் மை, தாளைத் தூக்கினால் எழுத்தெல்லாம் அழுகிற மாதிரி இருக்கும். இவ்வளவு நிதானம் எப்போது வந்தது அவனுக்கு? கோபம் முற்றினால் நிதானம் வருமோ என்னமோ. அந்தக் கதவுத் தாளிலேயே கோட்டுக்குள் மை நிரப்புகிற வேலையை முதலில் அவனிடம்தான் கொடுத்தாள், அகரத்திலேயே கோட்டைத் தாண்டிவிட்டான், போடா நீயும் உன் வேலையும் என்று பிடுங்கிக்கொண்டாள். தெருக்காரர்கள் பிள்ளையைக் கூட்டிவைத்து ஏற்றிவிட்டிருக்கிறார்கள், உங்க அம்மாவாலதான்டா இவ்வளவும், நீதான்டா கழுவணும் என்று சொல்லியிருப்பார்கள், இருபது வயசு, ரத்தம் கொதிக்காமல் என்ன செய்யும், இப்போது போலீஸ் பிடித்தால் படிப்புப் போயிற்று, எல்லாம் போயிற்று, காலனிப் பையன்கள் கையில் மாட்டினாலோ, ஐயோ. சொல்ல வேண்டாம், தெரியவில்லை என்று சொல்லிவிடலாம், இது யார் கையோ வெளியூர்க் கை என்று சொன்னால் தங்கபுஷ்பம் நம்புவாள், இவள் சொன்னால் அவள் எதையும் நம்புவாள். அவள் புருஷன் நாளைக்கு முன்னால் தோள் கொடுப்பான்.

விரல் தானாகவே முகிலன் பேரை அழுத்திவிட்டது, அதுவும் வீடியோவில். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க மாட்டான், எங்கே எடுப்பான், இங்கேதான் எங்கேயோ படுத்திருக்கிறான் என்று அவள் நினைத்து முடிக்கிறதற்குள் திரையில் முகம் வந்தது. தூக்கக் கலக்கத்தில் பாதிக் கண்ணும், அவனுக்குப் பின்னால் கொடியில் தொங்குகிற ஜட்டியும் பனியனும், பல் விளக்கிக்கொண்டே கடந்துபோகிற இன்னொரு பையனும், ஹாஸ்டல் அறைதான், சந்தேகமே இல்லை. ராத்திரியோடு ராத்திரியாக வந்து எழுதிவிட்டுப் போயிருந்தால் கையில் பெயிண்ட் இருக்குமே, உன் கையைக் காட்டு என்றாள். எதுக்கும்மா என்று அவன் முகம் வெளிறிப்போனது, காட்டுடா என்றாள், பைக்காரன் திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினாள் போல. அவன் தயங்கித் தயங்கி வலது கையைத் தூக்கினான். விரல் நுனி மட்டும் தெரிய, முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. கபடியில விழுந்துட்டேம்மா, முந்தாநாள், திட்டுவன்னுதான் சொல்லல, யாரு சொன்னா உனக்கு, இவன்தான் சொல்லியிருப்பான் என்று பல் விளக்குகிற பையனைத் திட்டினான். எலும்பு ரெண்டு இடத்தில் விட்டிருக்கிறதாம். உலகம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. பெற்ற பிள்ளை கை ஒடிந்து கிடக்கிறதைப் பார்த்து எந்தத் தாயாவது சிரிப்பாளா, அவள் சிரித்தாள், நல்லதுடா, ரொம்ப நல்லதுடா ராசா என்றாள், கண்ணிலிருந்து கரகரவென்று தண்ணீர் கொட்டியது, அந்த மாவுக்கட்டைத் திரையோடு சேர்த்து முத்தம் கொடுத்துவிடலாம் போல இருந்தது. அவன் பயந்துபோய், என்னம்மா ஆச்சு, அப்பா எங்கே என்று கேட்டான். அப்பா ஆபீசுக்குக் கிளம்பியிருப்பாவ என்றாள். பிறகு பேசுகிறேன் என்று வைத்தாள். அப்பாடா. எவனோ எழுதியிருக்கிறான், எவனாவது இருக்கட்டும், என் பிள்ளை இல்லை. அந்த நிம்மதி ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரத்துக்கு இருந்தது.

ரயில் வந்துவிட்டது. என்ஜின் கத்திக்கொண்டு போன சத்தத்தில் சுவர், கேட், தங்கபுஷ்பம் எல்லாம் அதிர்ந்து, பெட்டி பெட்டியாக ஜன்னல் கம்பி ஓடத் தொடங்கின பிறகு அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மூன்று பேர். மூன்று பேர் என்று அவள்தானே எண்ணிச் சொன்னாள். கோட்டைத் தாண்டிவிட்டான் என்று முகிலனிடமிருந்து பிடுங்கின பிரஷ்ஷை இவள் என்ன செய்தாள்? அவுக கேட்டாவ. பேப்பர் படித்துக்கொண்டிருந்த மனுஷன், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்தெல்லாம் எனக்குத் தெரியாது, கோட்டுக்குள்ள ரொப்பத் தெரியும், குடு என்றாவ. அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டு வெளியே போகாமல், அத்தனை எழுத்தையும் நிரப்பினாவ. ழகரத்தின் கொக்கியையும் நிரப்பினாவ. அது பிழை என்று முகிலனிடம் சொன்னாள், பத்திரிகைக்காரரிடம் சொன்னாள், தங்கபுஷ்பத்திடம்கூடச் சொல்லிச் சிரித்தாள், அவுகளிடம் சொல்லவே இல்லை, அவுகளுக்கு இதிலெல்லாம் என்ன தெரியப் போகிறது என்று விட்டுவிட்டாள். அவுகளுக்கு அதுதான் ழ. தினமும் படுக்கையிலிருந்து முதலில் கண் விழித்துப் பார்க்கிற ழ. பாலம் வழியாப் போ என்றாவளே. மண்ணெண்ணெய் வாடை பையில் இல்லை, டிபன் பாக்ஸைக் கொடுத்த கையில். பெயிண்ட் போக மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்த கை. இல்லை, இருக்காது, அந்த மனுஷன் வேலை பார்க்கிற கூட்டுறவு சொசைட்டியில் ஒருத்தரைக்கூட நீ என்று சொன்னதில்லை, தங்கபுஷ்பம் வீட்டுக்கு வந்தால் தானே எழுந்துபோய் நாற்காலி எடுத்துப் போடுகிறவர், இருக்காது. ராஜவீதிக்காரர்கள் போன மாதம் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டபோது அவுகளைக் கூப்பிட்டார்கள், திரும்பி வந்து சாப்பாடு வேண்டாம் என்றாவ, என்ன சொன்னாவ அங்கே என்று இவள் கேட்டாள், ஒண்ணுமில்ல, நல்லாத்தான் பேசினாவ என்றாவ, இவள் அப்போது ஏதோ பழைய சோடாக் கடைப் பலகையின் படத்தை வைத்துக்கொண்டு ஸகரத்தை அளந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தக் குரலில் என்ன இருந்தது என்று இப்போது யோசித்து யோசித்துப் பார்க்கிறாள், ஞாபகம் வரமாட்டேன் என்கிறது, அந்த ஸகரம்தான் வருகிறது. எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்டிருப்பார்கள், உம் பொண்டாட்டியா எங்களுக்குத் தெருப் பேர் சொல்லணும், நீ எந்தப் பக்கம், காட்டு பார்ப்போம் என்று. காட்டியிருக்கிறாவ. பொங்கி எழுந்து எழுதினதுமாதிரிகூட இல்லை, கோபப்பட்டு எழுதினால் கை நடுங்கியிருக்கும், உட்கார்ந்து நிரப்பின மாதிரியே எழுதியிருக்கிறாவ, பாடை என்ற சொல்லில் டகரத்தின் மூலை அப்படி ஒரு சுத்தம். அதைப் பார்த்துத்தான் நல்ல கை என்றாள்.

கடைசிப் பெட்டி போனது, கேட் மேலே எழும்பியது. எல்லாரும் வண்டியைக் கிளப்பினார்கள், பைக்காரன் முதல் ஆளாகப் போனான், உலகம்மாள் அப்படியே நின்றாள். வருகிற வண்டிக்கும் போகிற வண்டிக்கும் நடுவில் தங்கபுஷ்பம் தண்டவாளத்தைத் தாண்டி வந்து, தன் ஸ்கூட்டியை இவள் ஸ்கூட்டியோடு உரசுகிற மாதிரி நிறுத்தினாள். விடிந்ததிலிருந்து அழுது வீங்கின கண். அவள் ஒன்றும் அவசரப்படுத்தவில்லை, சுவரை ஒரு தடவை பார்த்தாள், இவள் முகத்தைப் பார்த்தாள். இவள் முகம் எப்படி இருந்ததோ. பைக்குள் போன் அடித்தது, எடுத்துப் பார்த்தாள், அவுக என்று காட்டியது, பேர் சொல்லக் கூடாது என்று கல்யாணமான புதிதில் விளையாட்டாக அப்படிப் பதிந்து வைத்தது, மாற்றவே இல்லை. பாலம் வழியாகத்தான் போனாயா என்று கேட்கத்தான் கூப்பிடுகிறாவ. எடுத்தால் குரல் நடுங்குமா, இல்லை எப்போதும்போல் இருக்குமா, எப்போதும்போல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்குப் பயமாக இருந்தது. வெளியூர்க் கை என்ற ரெண்டு சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. கழிப்பறைக் கதவுக்கு முன்னால் காலைப் பிடித்த அந்த ஒல்லிப் பிள்ளையின் பேர் ஞாபகம் வந்தது, வேலம்மாள்.

"யாரு கைன்னு தெரிஞ்சுதா டீச்சர்?"

"எழுதுனது எங்க வீட்டுக்காரரு" என்றாள் உலகம்மாள்.

பத்தாம் வகுப்பு பி பிரிவு என்று சொல்லுகிற அதே குரலில்தான் அதுவும் வந்தது. தங்கபுஷ்பத்தின் கை கழுத்து விசிலைப் போய்ப் பிடித்தது, பிடித்தபடியே இருந்தது. நாற்காலி எடுத்துப் போடுகிற மனுஷனைத்தான் அவளும் நினைத்திருக்க வேண்டும். பின்னால் பஸ்காரன் ஹார்ன் அடித்தான், அதற்கும் பின்னால் எல்லாரும் அடித்தார்கள். வண்டியை ஓரமாக நிறுத்துங்கள் டீச்சர், பின்னால் ஆள் நிற்கிறார்கள் என்று மட்டும் தங்கபுஷ்பம் சொன்னாள், இவளைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னாள். போன் நின்று, மறுபடியும் அடிக்கத் தொடங்கியது. உலகம்மாளுக்கு வண்டியை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை.